லண்டன் குலுக்கலா, ஆஸ்திரேலியக் குலுக்கலா? நெல்லைப் பிள்ளைகளுக்கு எது தோது

வேலை உத்தரவு கையில் இல்லாமலே போய், அங்கே வேலை தேடிச் சம்பாதித்துக்கொண்டே ஊர் சுற்ற, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரிய வாசல் இரண்டு. பிரிட்டனின் இந்தியா யங் ப்ரொஃபஷனல்ஸ் விசா 2023இல் வந்தது. ஆண்டுக்கு 3,000 இடம். ஆஸ்திரேலியாவின் 462 எனும் வொர்க் அண்ட் ஹாலிடே விசா இந்தியருக்கு 2024இல் திறந்தது, 1,000 இடம். இரண்டுக்கும் வயது 18 முதல் 30. இரண்டிலும் முதலில் குலுக்கல். மதிப்பெண்ணும் சிபாரிசும் செல்லாது.

படிப்பில்தான் முதல் வித்தியாசம். பிரிட்டனுக்குப் பட்டம் முடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு அரியர் இருந்தாலும் விண்ணப்பம் செல்லாது. ஆஸ்திரேலியாவுக்குக் கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்தாலே போதும். ஆனால் அங்கே ஆங்கிலத் தகுதி காட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினால் நான்கு பிரிவுகளின் சராசரி 4.5 வேண்டும். பிரிட்டன் இந்த விசாவுக்கு ஆங்கிலத் தேர்வு கேட்பதில்லை.

பணத்தைக் காட்டுவது வேறு, கட்டுவது வேறு. காட்ட வேண்டியது பிரிட்டனுக்கு 2,530 பவுண்டு, ஆஸ்திரேலியாவுக்கு 5,000 டாலர். பவுண்டு 115 ரூபாய், டாலர் 58 ரூபாய் என்று வைத்தால் இரண்டும் 2.9 லட்சத்தை ஒட்டியே வரும். திரும்பி வராத பணத்தில்தான் இடைவெளி. 2025 நிலவரப்படி பிரிட்டனின் விசாக் கட்டணம் 319 பவுண்டு. அதோடு இரண்டு ஆண்டு சுகாதாரக் கட்டணம் 1,552 பவுண்டை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆக, 2.15 லட்சம். ஆஸ்திரேலியாவுக்குக் குலுக்கல் பதிவு 25 டாலர், விசா 670 டாலர். 40 ஆயிரத்தில் முடிந்துவிடும். பிரிட்டன் குலுக்கலுக்குக் கட்டணமே இல்லை.

நம்மூரில் பலர் சறுக்குவது நாள் கணக்கில். பிரிட்டனுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். கடைசி வாரம் நகையை அடகு வைத்துப் போட்டால் செல்லாது. இடையில் ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. ரூபாய் மதிப்பு இறங்கும் என்பதால் இருபதாயிரம் கூடுதலாக வைப்பது நல்லது. பெயர் விழுந்தபின் விண்ணப்பிக்க 90 நாள் இருப்பதால், முதல் வாரமே பணத்தைப் போட்டால் நேரம் தாராளம். சென்னையில் காசநோய்ப் பரிசோதனை முடிக்கவும் அந்த அவகாசம் போதும். ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்க மொத்தமே 28 நாள். பெயர் வந்தபிறகு ஐஇஎல்டிஎஸ்ஸுக்குத் தேதி தேடினால் வாய்ப்பு கைநழுவிவிடும். அதற்கு எல்லாம் தயாராகிவிட்டுத்தான் குலுக்கலில் சேர வேண்டும்.

இன்னொரு இடறல் நம் இனிஷியல். ஆஸ்திரேலியப் பதிவுக்குப் பாஸ்போர்ட்டோடு பான் அட்டையும் வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும். பட்டச் சான்றிதழில் வெறும் எழுத்தாக இருக்கும். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போகும் முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் பான் அட்டையைத் திருத்தி, சான்றிதழுக்கு நோட்டரி அபிடவிட் எடுத்துவையுங்கள்.

போனபின் நிலைமை தலைகீழ். பிரிட்டனில் 24 மாதம், விரும்பினால் ஒரே முதலாளியிடம் இருக்கலாம், நீட்டிப்பு கிடையாது. கணக்கு, மென்பொருள் என்று துறை அனுபவம் சேர்க்க இதுவே உகந்தது. ஆஸ்திரேலியாவில் 12 மாதம். பொதுவாக ஒரு முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. அதனாலேயே அலுவலக வேலை கிடைப்பது கடினம். ஆனால் குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று மாதம் தோட்ட வேலை மாதிரி அனுமதித்த வேலை செய்தால் இரண்டாம் ஆண்டு விசா கேட்கலாம். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டல்லி, இன்னிஸ்ஃபெயில் வட்டாரத்தில் வாழைத் தோட்டம் ஏராளம். களக்காட்டில் தார் சுமந்த தோளுக்கு அந்த வேலை புதிதல்ல. சம்பளச் சீட்டு ஒன்று விடாமல் வைத்திருக்க வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கிய நாட்களை நிரூபிக்க வழியிருக்காது. வரி முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம். பிரிட்டனில் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரியில்லை.

பட்டம் கையில் இருந்து, இரண்டு லட்சத்தைக் கட்டவும் முடிந்தால் பிரிட்டன். மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாலோ, உடலுழைப்புக்கு அஞ்சாவிட்டாலோ ஆஸ்திரேலியா. தகுதியிருந்தால் இரண்டிலும் பெயர் கொடுக்கலாம். ஆனால் ஒரு குலுக்கலுக்கு ஒருவர் ஒரு முறைதான். "உங்க பேரை விழ வைக்கிறோம்" என்று பணம் கேட்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கணினி எடுக்கும் பெயரை யாராலும் மாற்ற முடியாது.