பாண்டியில் கேம்கார்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: அந்த "4கே செட்" வேண்டாம்

பெட்டியின் மேல் "4கே, 48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, கூடவே ஒரு மைக், குட்டி எல்இடி விளக்கு, முன்னால் திருகி மாட்டும் லென்ஸ், 128 ஜிபி மெமரி கார்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செட்டாக யாராவது உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள். புதுச்சேரியில் ஒரு கடையில் அப்படி ஒரு செட்டை எங்களுக்கு 17,500 ரூபாய்க்கு விற்றார்கள். திருக்கடையூரில் நடந்த அப்பாவின் சதாபிஷேகத்தை அதில்தான் எடுத்தோம். முக்கால்வாசி பதிவு இன்று எங்களிடம் இல்லை. அந்த நிகழ்ச்சியை இன்னொரு தடவை நடத்த முடியாது என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். டிவி, ஃப்ரிட்ஜ் எதுவானாலும் பாண்டிக்குப் போனால் விலை குறையும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. அங்கே பல பொருள்களுக்கு விற்பனை வரி குறைவாக இருந்த காலத்தில் வந்த பழக்கம் அது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே பொருளுக்கு ஒரே வரி விகிதம்தான். அதனால் "பாண்டி ரேட்" என்று சொல்லி ஒருவர் பல ஆயிரம் குறைக்கிறார் என்றால் பில் இருக்காது, அல்லது இந்திய வாரண்டி இருக்காது, அல்லது நீங்கள் கேட்ட பொருளே அது இல்லை. எங்கள் விஷயத்தில் மூன்றும் நடந்தது.

போன் இருக்கும்போது கேம்கார்டர் எதற்கு என்று கேட்பீர்கள். சடங்கு இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். போனில் அவ்வளவு நேரம் எடுத்தால் சூடாகும், இடையில் அழைப்பு வரும், இடம் நிரம்பிவிடும். கூட்டத்துக்குப் பின்னால் நின்று அப்பா அம்மா முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்க நல்ல ஆப்டிகல் ஜூம் வேண்டும். தொழில்முறை வீடியோக்காரர் கலசாபிஷேகத்தை அழகாக எடுத்துவிடுவார். ஆனால் அதற்கு முந்தின இரவு சத்திரத்தில் அப்பா பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசுவதை வீட்டு ஆள்தான் எடுக்க முடியும். அதனால் ஒரு கேம்கார்டர் வாங்குவது என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம்.

கடையில் நாங்கள் கேட்டது பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண எச்டி மாடல், 30எக்ஸ் ஆப்டிகல் ஜூம் உள்ளது. கடைக்காரர் உடனே, "அது இப்ப வர்றதில்லக்கா, கம்பெனியே நிறுத்திட்டான். இது அதைவிட மேல, 4கே" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. போன் வந்த பிறகு பெரிய கம்பெனிகள் கேம்கார்டர் மாடல்களை நிறையக் குறைத்துவிட்டன. அந்த வெற்றிடத்தில்தான் பெயரில்லாத செட்டுகள் புகுந்திருக்கின்றன.

கேமராவை இயக்கி அதன் 3 அங்குலத் திரையிலேயே காட்டினார். அவ்வளவு சின்னத் திரையில் எந்தப் படமும் தெளிவாகத்தான் தெரியும். கடையில் இருந்த டிவியில் போட்டுக் காட்டச் சொன்னோம். கேபிள் குடோனில் இருக்கிறது என்றார். பில் கேட்டதும் குரல் மாறியது. "பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும்க்கா, உங்களுக்காகத்தான் இந்த ரேட்." கடைப் பெயர் இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டில் மாடலும் தொகையும் எழுதிக் கொடுத்தார். பணத்தை யுபிஐயில் அனுப்பினோம். பிறகு அந்த ஒரு பதிவுதான் எங்களுக்கு ஆதாரமாக நின்றது.

திருக்கடையூரில் நடந்ததைச் சொல்கிறேன். முகூர்த்த நாளில் அமிர்தகடேஸ்வரர் கோயிலில் எத்தனை குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். விடியற்காலை வெளிச்சம், மண்டபத்தில் டியூப்லைட், ஹோமப் புகை. கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது, நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு குறையும் காட்டவில்லை.

கடலூர் திரும்பி டிவியில் போட்டபோது முகங்கள் எல்லாம் மெழுகு பூசியது போல இருந்தன. அம்மாவின் புடவைக் கரை ஒரே தீற்றலாகத் தெரிந்தது. டியூப்லைட் இருந்த இடமெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு ஏறி இறங்கியது. அதுவும் முதல் சில ஃபைல்களில் மட்டும். அதற்குப் பிறகு வந்த ஃபைல்களுக்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறந்தால் திறக்கவில்லை. கலசத் தண்ணீர் ஊற்றியது, மாங்கல்யதாரணம், பிள்ளைகள் விழுந்து கும்பிட்டது எதுவும் இல்லை.

திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு தம்பியிடம் எடுத்துப் போனோம். கார்டைப் பார்த்ததும் கேமராவைக்கூடத் தொடாமல் அதைத்தான் முதலில் சோதித்தார். 128 ஜிபி என்று ஒட்டியிருந்த கார்டில் உண்மையில் இருந்தது 16 ஜிபிக்கும் குறைவு. உள்ளே கார்டின் அளவைக் கேமராவுக்குச் சொல்லும் கன்ட்ரோலர் சிப்பை 128 என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். இடம் நிரம்பிய பிறகும் கேமரா எழுதிக்கொண்டே போகும், கார்டும் வாங்கிக்கொண்டது போலக் காட்டும், ஆனால் எதுவும் பதிவாகாது. "எழுதியிருந்தாத்தானக்கா மீட்கலாம், எழுதவே இல்லையே" என்றார். ரெக்கவரி செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் இந்த வகைக் கார்டைக் கொடுத்து இன்னும் ஏமாறாதீர்கள்.

அப்புறம் கேமராவுக்கு வந்தார். அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: வீடியோவுக்கு மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி) கணக்கே வேறு. முழு எச்டி வீடியோவின் ஒரு ஃபிரேம் 1920 பெருக்கல் 1080, ஏறக்குறைய 21 லட்சம் புள்ளி. 4கே என்றால் 3840 பெருக்கல் 2160, சுமார் 83 லட்சம் புள்ளி. 48 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருப்பது, சின்னப் படத்தை மென்பொருளால் பெரிதாக இழுத்து வரும் எண். 4கே ஃபைலும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் விவரம் பார்த்தால் 3840 என்றுதான் காட்டும், அதனால் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அவர் செய்து காட்டிய சோதனை எளிது. செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் வைத்து, 4கே-யில் ஒரு தடவை, 1080-ல் ஒரு தடவை எடுத்து டிவியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உண்மையான 4கே என்றால் பொடி எழுத்து கூடுதலாகப் படிக்க வரும். எங்கள் கேமராவில் இரண்டிலும் ஒரே மங்கல்.

ஜூமைக் கண்டுபிடிக்கக் கேமராவை இயக்கவே வேண்டாம். லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். ஆப்டிகல் ஜூம் உள்ளதில் இரண்டு எண் இருக்கும், உதாரணமாக 1.9-57.0 மிமீ. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 30, அதாவது 30எக்ஸ். எங்கள் செட்டில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. அப்படியென்றால் லென்ஸ் நகராது; 16எக்ஸ் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். ஃபோகஸும் நிலையானது என்பதால் கிட்டே வந்த முகமெல்லாம் மங்கிவிட்டது.

அந்தக் கடையிலேயே "ஜப்பான் செட்" என்று நல்ல கம்பெனி கேமரா ஒன்றும் காட்டினார்கள். பொருள் அசலாகவே இருக்கலாம். ஆனால் ஜப்பானில் விற்பதற்கென்று வரும் மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருப்பது உண்டு, இந்தியாவில் வாரண்டியும் கிடைக்காது. இன்னொன்று, அவை நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் எடுப்பவை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு ஓடுவது இதனால்தான். ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் ஷட்டர் வேகத்தை நொடியில் 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு என்று கையால் வையுங்கள், கோடு நின்றுவிடும். சில கேமராக்களின் மெனுவில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று தேர்வே இருக்கும்.

கார்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை அதிகம் காயப்படுத்தியது அதுதான். கேமராவோடு இலவசமாக வரும் கார்டை விசேஷத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். தனியாக, பில்லோடு, தெரிந்த கம்பெனியின் கார்டை வாங்குங்கள். பெரிய கார்டும் தேவையில்லை. கேம்கார்டர்கள் எச்டி வீடியோவைப் பதியும் ஏவிசிஎச்டி முறையில் நல்ல தரம் என்பது நொடிக்கு 24 மெகாபிட் வேகம். அதில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 11 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டு ஒன்றில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கலாம். அப்படி இரண்டு கார்டு கையில் இருந்தால் ஒன்று கெட்டாலும் பாதி நிகழ்ச்சி மிஞ்சும். வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதியுங்கள். அது கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் பிடிக்கும், ஆனால் போலி கார்டு அதில் தப்பாது. ஊர் திரும்பியதும் ஃபைல்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்து, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.

கடைக்குத் திரும்பப் போனோம். "கார்டு நீங்க வெளில வாங்கினதா இருக்கும்க்கா" என்று முகத்தைப் பார்த்தே சொன்னார். எண்பது வயது மனிதரின் விசேஷம் என்று தெரிந்தேதான் அதை விற்றார். வாங்கும்போது அப்பாவைப் பற்றி அக்கா அவ்வளவு சொல்லியிருந்தாள். அதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

சட்டப்படி அவர்கள் பக்கம் எதுவும் இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் பதிவு செய்தோம். கடை பதில் தராததால் இப்போது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது கடலூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கு முடியும்வரை கடைப் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் இங்கே போடவில்லை.

பில் வாங்கும்போது ஜிஎஸ்டி எண்ணையும் பாருங்கள். 15 எழுத்து இருக்க வேண்டும், புதுச்சேரிக் கடை என்றால் 34-ல் தொடங்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சாகியிருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் இதில் ஒன்றுகூட இல்லை.

இதே மாதிரி செட் ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள் அந்தக் கார்டைக் கழற்றி இன்று இரவே சோதித்துவிடுங்கள். வாங்கி 30 நாள் ஆகவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பெட்டி, எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.