மந்திரத்துக்கு என்ன விலை வைப்பது? டி&டி விதிமாற்றங்கள் மூன்று

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதைபோல ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) ஐந்தாம் பதிப்பில், ஐந்தாம் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) முதல் நிலை மந்திரங்களுக்கு 4, இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 2 ஸ்பெல் ஸ்லாட்டுகள். ஒரு மந்திரம் போட்டால் ஒரு ஸ்லாட் செலவு. தூங்கி எழுந்தால் அத்தனையும் திரும்பிவிடும். நாளுக்கு ஒரு சண்டைதான் என்றால் அவர் எதையும் மிச்சம்பிடிக்கத் தேவையில்லை. மந்திரம் மலிவாகிவிடுவது இங்கேதான்.

இதை மாற்றப் பலரும் முதலில் எடுப்பது ஸ்பெல் பாயின்ட்: ஸ்லாட்டுக்குப் பதில் ஒரே புள்ளிக் கணக்கிலிருந்து மந்திரங்களுக்குச் செலவழிப்பது. ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடிலேயே உள்ள மாற்று விதி. அதே விசார்டுக்கு 27 பாயின்ட். மூன்றாம் நிலை மந்திரத்துக்கு 5. மொத்தக் கணக்கு ஸ்லாட்டுக்குச் சமம்தான். ஆனால் மூன்றாம் நிலை நெருப்பு மந்திரமான ஃபயர்பாலை 2 முறை வீசியவர் இப்போது 5 வீசுவார். விளையாடுபவருக்குச் சுதந்திரம், சரி. மலிவைக் குறைக்க நினைப்பவருக்கு இது நேர் எதிர்.

இரண்டாவது, ஓய்வை நீட்டுவது. இதுவும் அதே புத்தகத்தில் உண்டு: குறுகிய ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். எனக்கு இது மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரத் தாளில்) கிட்டத்தட்ட எதையும் தொடாமல் கதையின் வேகமே மாறுகிறது. ஒரு வாரம் படுத்தால் எதிரி சும்மா இருக்கமாட்டான். ஆனால் ஓட்டைகளை அடைக்க வேண்டும். குறுகிய ஓய்வில் விசார்ட் சில ஸ்லாட்டுகளை மீட்கும் ஆர்க்கேன் ரெக்கவரி, 2014 விதிகளில் "நாளுக்கு ஒரு முறை" என்று எழுதப்பட்டிருக்கிறது. அப்படியே விட்டால் ஐந்தாம் லெவல் விசார்ட் தினமும் இரவில் ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட்டை மீட்டுக்கொள்வார். அதை நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை என்று மாற்றுங்கள். மேஜ் ஆர்மர் என்ற பாதுகாப்பு மந்திரம் 8 மணி நேரம்தான் நிற்கும் என்பதால், அதன் காலத்தையும் நீட்டாவிட்டால் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

மூன்றாவது, பகடை உருட்டி மந்திரம் போடுவது. 2023இல் வந்த ஷேடோடார்க் என்ற வேறொரு விளையாட்டு இப்படித்தான்: ஸ்லாட் கிடையாது. டி20 (20 முகப் பகடை) உருட்டி, பாத்திரத்தின் திறன் போனஸைச் சேர்த்து, 10உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டிய எண்ணைத் தொட வேண்டும். ஜெயித்தால் மறுபடியும் போடலாம். தோற்றால் ஓய்வெடுக்கும்வரை அந்த மந்திரம் இல்லை. விசார்டுக்கு 1 விழுந்தால் விபரீதம். ஒவ்வொரு முறையும் மேஜையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்!

இதை ஐந்தாம் பதிப்பில் ஒட்டும்போது கணக்கு முக்கியம். அறிவுத்திறன் போனஸ் +4 மட்டும் கூட்டினால் ஃபயர்பால் வெற்றி வாய்ப்பு 60 சதவீதம்; தோற்கும்வரை சராசரியாக ஒன்றரை முறை கிடைக்கும். +3 புரொஃபிஷியன்சியும் (பயிற்சி போனஸும்) சேர்ந்தால் 75 சதவீதம், சராசரி 3 முறை, அதாவது ஸ்லாட்டைவிடத் தாராளம். அப்புறம் எதிரியும் மந்திரத்தின் பாதிப்பைக் குறைக்க சேவிங் த்ரோ உருட்டுவான். ஒரே மந்திரத்துக்கு இரண்டு தடைகள்.

ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயின் (பல செஷன்களாக நீளும் தொடர்கதை) என்றால் ஓய்வை நீட்டுங்கள். புதிதாகத் தொடங்குகிறீர்கள், அபாயமான மந்திரம்தான் வேண்டும் என்றால் பகடை. எதுவானாலும் முதல் செஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். விசார்ட் எடுக்க நினைத்தவருக்கு வேறு கிளாஸ் (பாத்திர வகை) எடுக்க அப்போதுதான் வழி இருக்கும்.