எலிக்கூண்டா, எலி மருந்தா?

மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் காவிரிப் படுகையில் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்பும். நெல் மூட்டையின் அடியில் கொறித்த உமி கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

எலி மருந்தில் வேலை குறைவு. புரோமாடியோலோன் வில்லை ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி சில நாள் கழித்தே சாகும் என்பதால் மற்றவை மிரளாமல் வந்து தின்னும். நிறைய எலி இருந்தால் இது பெரிய அனுகூலம்தான். ஆனால் எலி பரணில் செத்தால் ஒரு வாரம் வீட்டில் உட்கார முடியாது. அதைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் கூட ஆபத்து. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையோ வீட்டுக்குள் வரவே கூடாது. அது கல்லீரலை அழிக்கும். முறிவு மருந்தும் கிடையாது. குழந்தை இருக்கும் வீட்டில் எந்த எலி மருந்தும் வேண்டாம் என்பேன்.

கூண்டுக்குப் பொறுமை வேண்டும். எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதனால் முதல் இரண்டு இரவு கொக்கியை மாட்டாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துச் சுவரோரமாக விடுங்கள். எலி நடுக்கூடத்தில் ஓடாது, சுவரை உரசியே போகும். அந்த இடத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். மூன்றாம் இரவு கொக்கியை மாட்டுங்கள். கூண்டைக் கையுறை போட்டே கழுவுங்கள், எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாகத்தான் பரவுகிறது.

எங்கள் வீட்டில் கூண்டுதான். கூடவே சாக்கடைக் குழாய் ஓட்டையைக் கம்பிவலை வைத்துச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டோம்.