சிபிடி எண்ணெய்: மாதக்கணக்கில் எடுத்தால் யூரின் டெஸ்டில் என்ன வரும்?

சிபிடியும் டிஎச்சியும் கஞ்சாச் செடியில் இருக்கும் பொருட்கள்; போதை தருவது டிஎச்சி. வேலைக்குச் சேரும்போது எடுக்கும் போதைப்பொருள் சிறுநீர்ச் சோதனை சிபிடியைத் தேடுவதே இல்லை. டிஎச்சி உடம்பில் சிதைந்து உண்டாகிற கார்பாக்சி-டிஎச்சியைத்தான் தேடுகிறது. அமெரிக்க மத்திய அரசு விதிப்படி முதல் கட்டத்தில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் இருந்தால் மாதிரி அடுத்த கட்டத்துக்குப் போகும். அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற துல்லியமான முறையில் 15 நானோகிராம் இருந்தால் பாசிட்டிவ். கலப்பே இல்லாத சிபிடி இந்தச் சோதனையில் யாரையும் மாட்டிவிடாது. பாட்டிலுக்குள் அதோடு சேர்ந்து வருகிற டிஎச்சிதான் ஆபத்து.

லேபிளில் "டிஎச்சி 0.3 சதவீதத்துக்கும் குறைவு" என்று போட்டிருக்கும். 2018-இல் வந்த அமெரிக்க விவசாயச் சட்டம் ஹெம்ப் என்ற கஞ்சா வகைச் செடிக்கு வைத்த வரம்பு அது. இந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான் பலரும் நிம்மதியாகி விடுகிறார்கள். மில்லிகிராமில் போட்டுப் பாருங்கள். 30 மில்லி பாட்டிலில் எண்ணெய் சுமார் 28 கிராம் இருக்கும். அதில் 0.3 சதவீதம் என்றால் 84 மில்லிகிராம் டிஎச்சி. ஒரு டிராப்பர் நிறைய, அதாவது 1 மில்லி எடுத்தால் 2.8 மில்லிகிராம். காலையும் இரவும் எடுத்தால் 5.6. கஞ்சா ஆராய்ச்சிக்கு ஒரு நிலையான அளவாக அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021-இல் வைத்ததே 5 மில்லிகிராம்தான். எல்லாப் பாட்டிலும் வரம்பைத் தொடுவதில்லை. ஆனால் தொடுகிற பாட்டிலும் அந்த 2018 சட்டப்படி சரியான பாட்டில்தான்.

மாதக்கணக்கில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிஎச்சி கொழுப்பில் கரைவது. தினமும் கொஞ்சம் போனால் கொழுப்புத் திசுவில் சேர்ந்து, பிறகு மெல்ல மெல்ல வெளியே வரும். அதனால் முதல் வாரத்தில் நெகட்டிவ் வந்தவருக்கு அதே எண்ணெய், அதே அளவில், இரண்டாம் மாதம் பாசிட்டிவ் வரலாம். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனை ஆய்வொன்றில் 14 பேர் ஃபுல் ஸ்பெக்ட்ரம் எண்ணெயை, அதாவது டிஎச்சியை நீக்காத எண்ணெயை, 4 வாரம் எடுத்தார்கள். அதிலிருந்த டிஎச்சி சட்ட வரம்புக்கு வெகு கீழே. முடிவில் பாதிப் பேருக்குச் சிறுநீரில் பாசிட்டிவ். "ஒருமுறை பாஸ் ஆகிவிட்டேன்" என்பதை நம்பி அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள்.

எந்த வகை எடுக்கலாம்? சோதனை உள்ள வேலையில் இருப்பவர் ஃபுல் ஸ்பெக்ட்ரத்தைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிராட் ஸ்பெக்ட்ரத்தில் டிஎச்சியை நீக்கிவிட்டதாகச் சொல்வார்கள். எவ்வளவு நீக்கினார்கள் என்பது பாட்சுக்குப் பாட்ச் மாறும். சிபிடியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்த ஐசொலேட்தான் இருப்பதில் பாதுகாப்பு. தோலில் தடவும் கிரீமில் ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு, ஆனால் தோல்வழி மருந்தை உள்ளே செலுத்தும் பேட்ச் வேறு விஷயம். சிபிடி மிகுந்த பூவை வேப் செய்வதோ (சூடாக்கி ஆவியை இழுப்பது) புகைப்பதோ இருப்பதிலேயே மோசம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் 100 மில்லிகிராம் சிபிடியோடு 3.7 மில்லிகிராம் டிஎச்சி இருந்த கஞ்சாவை ஒரே ஒரு முறை வேப் செய்த 6 பேரில் 2 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது; தூய சிபிடி எடுத்தபோது வரவில்லை. அதே கடை அலமாரியில் இருக்கும் டெல்டா-8 கம்மி (மெல்லும் மிட்டாய்) சிபிடியே அல்ல. அது டிஎச்சியின் இன்னொரு வடிவம், முதல் கட்டச் சோதனையைத் தாராளமாகத் தூண்டிவிடும்.

வகையின் பெயரைவிட லேப் ரிப்போர்ட் முக்கியம். பாட்டிலில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் முதலில் பாட்ச் எண்ணைப் பாருங்கள். பாட்டிலில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் அந்த ரிப்போர்ட் உங்கள் பாட்டிலைப் பற்றியதே அல்ல. அடுத்து டெல்டா-9 டிஎச்சி, அதாவது வழக்கமான டிஎச்சி இருக்கும் வரி. அதில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் அந்த லேப் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு இருக்கும். அது 0.05 சதவீதம் என்றால், 28 கிராம் எண்ணெயில் ஏறக்குறைய 14 மில்லிகிராம் டிஎச்சி ஒளிந்திருந்தாலும் ரிப்போர்ட் அதையேதான் சொல்லும். டிஎச்சிஏ (சூட்டில் டிஎச்சியாக மாறும் பொருள்) தனி வரியில் இருந்தால் அதை 0.877-ஆல் பெருக்கி டெல்டா-9-உடன் கூட்டுங்கள். அதுதான் மொத்த டிஎச்சி. லேபிளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2017-இல் வந்த ஆய்வு போதும்: இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களில் 18-இல் டிஎச்சி இருந்தது.

சோதனைக்கு முந்தைய நாள் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது பலன் தராது. சிறுநீரில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவுப் பொருள்) டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போய், சிறுநீரின் அடர்த்தியும் குறைந்தால் நீர்த்த மாதிரி என்று லேப் குறித்துவிடும். உங்கள் நிலையை அறிய 50 நானோகிராம் வரம்புள்ள ஸ்ட்ரிப்பை வாங்கி, காலையில் முதலில் போகும் சிறுநீரில் பாருங்கள். அதுதான் நாளிலேயே அடர்த்தியானது. கன்ட்ரோல் (C) கோடு எப்போதும் தெரிய வேண்டும். டெஸ்ட் (T) இடத்தில் மங்கலாகக் கோடு தெரிந்தாலும் நெகட்டிவ். அந்த இடத்தில் கோடே இல்லையென்றால்தான் பாசிட்டிவ்.

பாசிட்டிவ் வந்த பிறகு "சிபிடி மட்டும்தான் எடுத்தேன்" என்று சொல்லிப் பயனில்லை. லாரி, பஸ் ஓட்டுநர்கள், விமானிகள் போன்றோருக்கு அதை ஏற்க முடியாது என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2020 பிப்ரவரியில் எழுத்தில் அறிவித்துவிட்டது. சோதனையைப் பரிசீலிக்கும் மருத்துவ அதிகாரி முடிவைச் சொன்ன 72 மணி நேரத்துக்குள், பிரித்து வைத்த இரண்டாம் மாதிரியைச் சோதிக்கக் கேட்கலாம். ஆனால் அங்கே 15 என்ற வரம்பெல்லாம் கிடையாது, கார்பாக்சி-டிஎச்சி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். உண்மையிலேயே டிஎச்சி உள்ள எண்ணெயை எடுத்தவருக்கு அதனால் விடிவு கிடைக்காது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. அங்கே சிபிடியே தடைசெய்யப்பட்ட பொருள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்திருந்தாலும் குற்றம்தான். அமெரிக்காவிலிருந்து உறவினர் ஆசையாகக் கொடுத்தனுப்பும் கம்மி பாக்கெட்டையும் வாங்காதீர்கள்.

தினமும் எடுப்பவர்கள் காலிப் பாட்டிலையும் பில்லையும் அந்தப் பாட்சின் ரிப்போர்ட்டையும் எறியாமல், கடைசி ஒரு மில்லியை அப்படியே விட்டு வையுங்கள். 2012-இல் டிஎச்சி இல்லை என்று விளம்பரம் செய்த ஒரு பொருளை வலிக்காக எடுத்த அமெரிக்க லாரி ஓட்டுநர், திடீர்ச் சோதனையில் பாசிட்டிவ் ஆகி வேலை இழந்தார். அதே பொருளை மறுபடி வாங்கி லேப்புக்கு அனுப்பியதில் டிஎச்சி இருப்பது தெரிந்தது. அதை வைத்து விற்றவர்கள் மேல் அவர் போட்ட வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.