ஃபேஷன் படத்துக்குக் கீழே உள்ள பேர்கள்: பல வருடத் தேடலின் அனுபவம்

இலங்கையின் கிழக்கே கல்முனையில் கலியாண பிளவுஸ், சாரி வேலை, பிள்ளைகளின் உடுப்பு தைப்பது என் தொழில். தைத்ததைப் படம் பிடித்துப் போடுவதும் நான்தான். ஃபேஷன் சஞ்சிகையிலும் கலைக்கூடத்திலும் ஒரே நேரத்தில் இடம்பிடிக்கிற படப்பிடிப்பாளர்களையும் கலைஞர்களையும் தேடிப் பார்க்கும் பழக்கம் அந்தத் தேவையில் வந்தது. பல வருடமாகப் பல செயலிகளையும் தளங்களையும் பாவித்திருக்கிறேன். இதே தேவை உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

படங்களைப் பலகை பலகையாகச் சேர்த்து வைக்கும் செயலிகள் நிறம் தெரிவு செய்ய நல்லவை. மணமகளின் தாயோடு இருந்து கழுத்து வெட்டு, கை வெட்டு பேசும்போது இப்போதும் திறக்கிறேன். கலைஞரைத் தேட அவை உதவாது. ஒரு படத்தைத் தொட்டால் அதே சாயலில் நூறு படம் வரும், எடுத்தவர் யார் என்று எங்கும் இருக்காது. பேர் இல்லாத படத்தோடு தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு மிகப் பெரிய கதவைத் திறந்தது இன்ஸ்டாகிராமில் வரும் பேர்ப்பட்டியல். ஒரு ஃபேஷன் படத்துக்குக் கீழே படம் எடுத்தவர், உடை தெரிவு செய்தவர், அரங்கம் அமைத்தவர், தலை அலங்காரம் செய்தவர் என்று வரிசையாகப் போடுவார்கள். எல்லோரும் படம் எடுத்தவரின் பேரைத்தான் தொடுவார்கள். நீங்கள் உடை தெரிவு செய்தவரின் பேரையும் அரங்கம் அமைத்தவரின் பேரையும் தொட்டுப் பாருங்கள். அவர்கள் வேலை செய்த வேறு ஐந்தாறு படப்பிடிப்பாளர்கள் அங்கே கிடைப்பார்கள். பேரே இல்லாமல் ஒரு படம் கைக்கு வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு, வரும் முடிவுகளில் அருங்காட்சியகம் அல்லது கலைக்கூடத்தின் பக்கத்தை மட்டும் திறப்பேன். அங்கே வருடமும் இடமும் சரியாக இருக்கும்.

அப்படிப் போனதில் டைலர் மிச்செல் கிடைத்தார். 2018 செப்டெம்பர் அமெரிக்க வோக் சஞ்சிகையின் அட்டைக்குப் பாடகி பியோன்சேயைப் படம் பிடித்தவர். அந்தச் சஞ்சிகையின் 126 வருட வரலாற்றில் அட்டைப்படம் எடுத்த முதல் கறுப்பினப் படப்பிடிப்பாளர். அட்டையை விட, படங்களைத் துணியில் அச்சிட்டு உடுப்புக் கொடியில் தொங்கவிட்ட அவருடைய காட்சி எனக்கு மிகவும் பிடித்தது.

அவரைப் பற்றி வாசிக்கப் போய்த்தான் மாலி நாட்டின் சேய்து கெய்தா என்ற படப்பிடிப்பாளரிடம் வந்தேன். இவருக்காகவே இத்தனை வருடத் தேடலும் தகும். 1948இல் பமாகோவில் ஸ்டூடியோ தொடங்கியவர். கட்டில் விரிப்பையே பின்னணியாகக் கட்டினார். அச்சுத் துணி உடுத்து வந்த பெண்கள் அதன் முன் இருக்கும்போது, விரிப்பின் பூவும் உடுப்பின் பூவும் ஒன்றோடொன்று பேசும், முகம் மட்டும் தனியே எழும்பி நிற்கும். வருகிறவர்களுக்குக் கைக்கடிகாரம், பேனா, ரேடியோ எல்லாம் கொடுத்துப் படம் எடுப்பார். சில வருடத்துக்கு ஒருமுறை விரிப்பை மாற்றியதால், எந்தப் படம் எந்தக் காலம் என்று பிறகு பின்னணியை வைத்தே அவரால் சொல்ல முடிந்தது.

இதைப் பார்த்த பிறகு மருதமுனைக் கைத்தறிச் சாரியை வெள்ளைச் சுவருக்கு முன் வைத்துப் படம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்கள் உடுக்கும் மருதமுனைச் சாரத்தையே பின்னால் கட்டுகிறேன். பெரிய கரைச் சாரிக்குச் சின்னக் கட்டம் போட்ட சாரம் பொருந்தும். இரண்டிலும் கட்டம் ஒரே அளவாக இருந்தால் கண் தடுமாறும். இன்னொன்று: மிக நெருக்கமான கோடும் கட்டமும் போன் கமராவில் சிலநேரம் அலை அலையாக விழும். ஒரு எட்டுப் பின்னுக்குப் போனாலோ கோணத்தைச் சற்று மாற்றினாலோ அது போய்விடும்.

மொரோக்கோப் படப்பிடிப்பாளர் ஹசன் ஹஜ்ஜாஜ் அடுத்தவர். மராகேஷ் நகரத்துப் பெண்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, அவர் வடிவமைத்த அங்கியும் முகத்திரையும் அணிவித்து, நிறம் பொங்கப் படம் எடுத்தார். பின்னணிக்குப் பிளாஸ்டிக் பாய், படத்தின் சட்டத்தைச் சுற்றிக் கடையில் வாங்கும் தகர டின்கள். 2020இல் அமெரிக்க வோக்குக்கும் ஒரு அட்டைப்படம் எடுத்திருக்கிறார். என்னோடு தைக்கிற தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்மட ஆக்கள் மாதிரியே இருக்கு" என்றாள். சாய்ந்தமருதிலும் காத்தான்குடியிலும் அபாயாவோடு ஸ்கூட்டி ஓட்டும் பெண்களை நாங்கள் தினமும் காண்கிறோம். அவர்களை இவ்வளவு கம்பீரமாக யாரும் படம் பிடித்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்துப் படப்பிடிப்பாளர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவர்.

வெயிலுக்கு விவியன் சாசன். நெதர்லாந்துப் படப்பிடிப்பாளர், சிறு வயதில் கென்யாவில் இருந்தவர். உச்சி வெயிலுக்கு அவர் ஒளிவதில்லை. விழுகிற கரும் நிழலையே உடுப்பின் ஒரு பாகம்போல ஆக்கிவிடுவார். கிழக்குக் கரையில் பத்து மணிக்கே வெளிச்சம் முகத்தை வெட்டும், அதனால் இங்கே அவரிடம் கற்க நிறைய உண்டு.

துணியின் கதை வேண்டுமென்றால் யின்கா ஷொனிபாரே என்ற கலைஞர். லண்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்தவர். "ஆபிரிக்கத் துணி" என்று உலகம் நம்புகிற பூத்துணியில் ஐரோப்பியப் பிரபுக்களின் உடுப்பைத் தைத்துத் தலையில்லாப் பொம்மைகளுக்கு அணிவிக்கிறார். அந்தத் துணி இந்தோனேசியாவின் பற்றிக் துணியைப் பார்த்து நெதர்லாந்துக்காரர் இயந்திரத்தில் செய்தது, பிறகு மேற்கு ஆபிரிக்காவில் விலைபோனது. பற்றிக் தைக்கும் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜப்பானின் உடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோவை முதலில் பார்த்தால் திகைப்பு வரும். 1997 வசந்தத் தொகுப்பில் இடுப்பிலும் முதுகிலும் பஞ்சுப் பொதி வைத்து உடம்பின் வடிவத்தையே மாற்றினார். அதே வருடம் நடனக் கலைஞர் மெர்ஸ் கனிங்ஹாமின் குழு அந்த உடுப்புகளோடு ஆடியது. மட்டக்களப்பில் வடமோடிக் கூத்தில் ஆடுபவர்கள் அணியும், கீழே விரிந்து நிற்கும் கரப்புடுப்பைக் கண்டவர்களுக்கு இது புதுமையே இல்லை. உடுப்பு ஆட்டத்தை எப்படி மாற்றும் என்று கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவிமாருக்கு எப்போதோ தெரியும். எங்கள் கூத்துடுப்பை ஒரு நல்ல ஃபேஷன் படப்பிடிப்பாளர் எடுக்கவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அருங்காட்சியகத் தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. நியூயோர்க் மெட் 2017 முதல் காப்புரிமை இல்லாத படங்களை இலவசமாக, பெரிய அளவில் தருகிறது. 2022இல் மின்வெட்டு நீண்ட நாட்களில், முன்பே இறக்கி வைத்த படங்கள்தான் எனக்குப் பாடப்புத்தகம். லண்டன் வி அண்ட் ஏ தளத்தில் துணியின் நுட்பத்தை வைத்தே தேடலாம், தையல்காரருக்கு அதுதான் சிறந்தது. ஒரே குறை, தமிழில் விபரம் இல்லை.

எங்கள் நாட்டில் ஹேமா ஷிரோனியைப் பாருங்கள், துணியிலும் தையலிலும் வீட்டையும் இடப்பெயர்வையும் சொல்கிறார். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகளின் கண்காட்சி நடந்தால் நேரில் போங்கள். போன் திரையில் தெரியாத நூலின் தடிப்பு அங்கே தெரியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை: முதலில் கெய்தா, பிறகு ஹஜ்ஜாஜ். சேமிக்கிற ஒவ்வொரு படத்தோடும் பேரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். நான் போடும் படங்களிலும் இப்போது தைத்தவர், படம் பிடித்தவர் என்பதோடு, சம்மதம் கேட்டு, நெய்தவரின் பேரையும் போடுகிறேன். அதைப் பார்த்து மருதமுனைத் தறிகளுக்கு நேரே ஓர்டர் போகத் தொடங்கியிருக்கிறது.