12 மீட்டர் கேட்டமரான் வீட்டில் கட்ட: பிளைவுட் கிட்டா, பால்சா பலகையா, ஃபோமா?

நாற்பது அடி கேட்டமரானுக்கு, அதாவது இரட்டை உடல் படகுக்கு, கிட் என்று பணம் கட்டினால் வந்து இறங்குவது படகு அல்ல. படகின் ஓட்டுக்கான (வெளிக்கூட்டுக்கான) பலகைகள், கணினி ரம்பத்தில் வெட்டிய குறுக்குத் தடுப்புகள், ஃபைபர் துணிச் சுருள்கள், எபாக்ஸி (கடினமாக்கி கலந்து இறுகவைக்கும் ரெசின்) டிரம்கள், வரைபடக் கட்டு, பெரும்பாலும் அவ்வளவுதான். பாய்மரம், பாய்கள், இரண்டு எஞ்சின், சுக்கான் இணைப்புகள், ஜன்னல், வயரிங், குழாய், நங்கூரச் சுழலி எல்லாம் தனி. மொத்தச் செலவில் ஓட்டின் பங்கு கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் என்பது கட்டுபவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆகவே கிட்டுகளின் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. ஆயிரக்கணக்கான மணி நேரம் எந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்பதுதான் உண்மையான தேர்வு. பிளைவுட் என்றால் தச்சு வேலை. பால்சா (மிக லேசான மரம்) பலகை என்றால் ஒட்டும் வேலை, மூலைகளில் ஃபைபர் துணி நாடா போடும் வேலை. ஃபோம் என்றால் நாள் கணக்கில் ஆயத்தம் செய்து ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை.

எடையிலிருந்து தொடங்குவோம்

ஒரு சதுர மீட்டருக்கு என்ன எடை வருகிறது என்று பாருங்கள். 9 மி.மீ. ஒக்குமே (லேசான ஆப்பிரிக்க மரம்) பிளைவுட் சுமார் 4.3 கிலோ. வெளியே சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள ஃபைபர் துணியும் உள்ளே மூன்று பூச்சு எபாக்ஸியும் சேர்த்தால் 5.2 கிலோவைத் தொடும். இதன்மேல் ரீப்பர்களும் சட்டங்களும் வரும், ஏனென்றால் அந்தத் தடிமனில் பிளைவுட் தானாக விறைப்பாக நிற்காது. 13 மி.மீ. பால்சா நடுவில், இருபுறமும் 600 கிராம் துணி ஒட்டிய பலகை 4.3 முதல் 4.5 கிலோ. அதற்கு ரீப்பர் அநேகமாகத் தேவைப்படாது. 20 மி.மீ. ஃபோம், அதே துணி, வெற்றிட முறையில் ரெசின் செலுத்தியது என்றால் 4 கிலோவை ஒட்டி இருக்கும்.

சதுர மீட்டருக்கு ஒரு கிலோ பெரிதாகத் தெரியாது. ஆனால் 12 மீட்டர் நீளமும் நீர்மட்டத்தில் 90 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு ஒல்லியான உடல்கள், ஏறக்குறைய 155 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். ஓட்டில் 500 கிலோ கூடிவிட்டால் 3 செ.மீ. போய்விட்டது. இரண்டு உடல்களையும் இணைக்கும் நடுத்தளத்தின் அடிப்பக்கம் அலைக்கு அந்த அளவு நெருங்கும், அடி வாங்கும் சத்தமும் கூடும். ஒற்றை உடல் படகு பொறுத்துக்கொள்ளும் தவறை இது பொறுக்காது.

பிளைவுட்

பிளைவுட்டிலேயே இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று ஜேம்ஸ் வாரம் வகுத்தது. 1950களில் தானே கட்டிய இரட்டை உடல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்த பிரிட்டிஷ்காரர் அவர். 2021இல் இறக்கும்வரை வடிவமைத்துக்கொண்டிருந்தார். அவருடைய டிக்கி வரிசைப் படகுகளில் 'வி' வடிவ உடல்கள் இரண்டும் தனித்தனி. குறுக்கு உத்தரங்களை போல்ட் போட்டு இறுக்குவதில்லை, பாலியெஸ்டர் கயிற்றால் சுற்றிக் கட்டுகிறார்கள். 'கேட்டமரான்' என்று உலகம் சொல்வது நம் கட்டுமரத்தைத்தான் என்றாலும், கட்டுமரம் பக்கம் பக்கமாக மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒற்றை மிதவை. இரண்டு உடலும் நடுவே வெளியும் பசிபிக் தீவுகளின் மரபு. சொல்லில் இருக்கிற 'கட்டு' இன்றைக்கும் வேலை செய்வது வாரம் படகுகளில்தான். கயிறு சற்றே நெகிழ்வதால் அலையின் முறுக்கு ஒரே போல்ட் துளையில் குவியாது. கயிறு தேய்கிறதா என்று பார்த்து மாற்றுவது வழக்கமான பராமரிப்பு.

வீட்டில் கட்டுபவருக்கு இதன் பெரிய லாபம் இடம். 15க்கு 5 மீட்டர் கொட்டகையில் ஒரு உடலைக் கட்டி முடித்து வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். கரைக்குக் கொண்டுபோய் அங்கே கட்டிக்கொள்ளலாம். நஷ்டம் உள்ளே வசிக்கும் இடம். உடல்கள் குறுகலானவை, இரண்டுக்கும் நடுவே கூடம் கிடையாது. குடும்பத்தோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பவர் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொரு மரபு, நடுத்தளக் கூடத்தோடு ஒரே கட்டுமானமாக எழும் படகுகள். படகு வடிவமைப்பாளர் டட்லி டிக்ஸின் டிஎச்550 நல்ல உதாரணம். பக்கமும் அடியும் தட்டையான பிளைவுட், இரண்டும் சந்திக்கும் மூலையில் மட்டும் மெல்லிய பிளைவுட் பட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி வளைவு எழுப்புகிறார்கள். பார்வைக்கு வார்ப்புப் படகு போலவே இருக்கும்.

பிளைவுட்டில் கெடுவது எப்போதும் பலகையின் விளிம்பில்தான் தொடங்குகிறது. வெட்டுமுனை எபாக்ஸி குடித்து முடிக்கும்வரை பூச வேண்டும், ஒரு கை பூசிவிட்டு நகரக்கூடாது. மரத்தை அழுகவைப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மேல்தளத்தின் திருகுத் துளை வழியாக இறங்கித் தேங்கும் மழைநீர். பலகையில் 'பிஎஸ் 1088' (கடல் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரநிலை) முத்திரை இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு துண்டை வெட்டி நடு அடுக்கில் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள், சில மணி நேரம் கொதிக்க வைத்து அடுக்கு பிரிகிறதா என்றும் பாருங்கள்.

பலகை முனைகளைச் சாய்வாக இழைத்து ஒட்டி நீளம் கூட்டும் சாய்வு இணைப்புக்கு 1:8. அதாவது 9 மி.மீ. பலகைக்கு 72 மி.மீ. சாய்வு. ஐந்தாறு பலகைகளைப் படிக்கட்டு போல 72 மி.மீ. தள்ளித் தள்ளி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே இழைப்பில் சாய்க்கலாம். இழைக்கும்போது அடுக்குகளின் பசைக்கோடுகள் நேரான பட்டைகளாகத் தெரிய வேண்டும். கோடு வளைந்தால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. கணினியில் வெட்டிய கிட் வாங்கினால் இந்த வேலையே இல்லை, பலகைகள் புதிர்த் துண்டு போலக் கோத்து வரும். அதற்குத் தரும் கூடுதல் பணம் வீண் அல்ல, குறிப்பாகத் தச்சு தெரியாதவருக்கு.

பால்சா பலகை கிட்

கிட் என்ற சொல்லுக்கு மிக நெருங்கி வருவது இதுதான். ஆஸ்திரேலியாவில் ஷியோனிங் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் படகுகள் பல இந்த முறையில் எழுந்தவை. கோல்ட் கோஸ்டின் ஏடிஎல் நிறுவனம் செய்யும் டியூஃப்ளெக்ஸ் பலகை 2.4க்கு 1.2 மீட்டர். நடுவில் நார் செங்குத்தாக நிற்கும்படி வெட்டிய பால்சா, இருபுறமும் எபாக்ஸியில் ஒட்டிய கண்ணாடி இழை. விளிம்புகளில் படிபோல் செதுக்கிய இணைப்பு ஆலையிலேயே வந்துவிடும். பசை தடவி, மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் வைத்து, சூடேற்றும் அழுத்தியில் பிடித்தால் விரைவில் அடுத்த இணைப்புக்குப் போகலாம். அழுத்தி இல்லாவிட்டால் கனமான கட்டையும் திருகுமாக இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

இங்கே நடக்கும் பெருந்தவறு கோணல். 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு இணைப்பு 2 மி.மீ. திறந்திருந்தால், அதற்கப்பால் 12 மீட்டர் தள்ளி இருக்கும் முனை 20 மி.மீ. விலகிவிடும். ஆகவே பலகைக்குப் பலகை சேர்த்து ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். முழு நீளத்துக்கும் நூல் கட்டி, எல்லாவற்றையும் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்து, விளிம்பில் குறியிட்ட பிறகே பசையைக் கலக்க வேண்டும்.

பலகைகள் நின்றபின் வேலை முழுக்க மூலைகளில்தான். ஒவ்வொரு மூலைக்கும் உள்ளே பசைக் குழைவு வைத்து வளைவாக்க வேண்டும். வெளி மூலையைக் குறைந்தது 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் துணி படியாமல் காற்று நிற்கும். நாடாவின் தடிமன் அளவுக்குப் பலகையில் முன்கூட்டியே பள்ளம் இறக்கிவிட்டால் பிறகு பட்டி பார்க்கும் வேலை பாதியாகும். இறக்காவிட்டால் ஒவ்வொரு நாடாவும் ஒரு மேடு. மேட்டை மறைக்கப் பட்டி, பட்டியைச் சமன்படுத்த உப்புத்தாள், கடைசியில் எடை.

பால்சாவைப் பற்றிய பயம் பாதி நியாயமானது. நார் செங்குத்தாக இருப்பதால் நீர் பக்கவாட்டில் வேகமாகப் பரவாது. ஆனால் நுழைந்த இடத்தில் அழுகும், வெளியே தெரியவும் தெரியாது. மேல்தளத்தில் போல்ட் வரும் ஒவ்வொரு துளைக்கும் ஒரே விதி. தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, சுற்றியுள்ள பால்சாவைச் சுரண்டி எடுத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சரியான துளை போட வேண்டும். 12 மீட்டர் படகில் இப்படி நூற்றுக்கணக்கான துளைகள் வரும். அத்தனையிலும் இந்தப் பொறுமை இருக்கும் என்று உறுதி இல்லாதவர் பால்சாவைத் தொடாமலிருப்பது நல்லது.

கப்பலில் வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர். 1.2 மீட்டர் பலகைக் கட்டுகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைக்க 2.4 வேண்டும், 5 செ.மீ. போதாது. ஒரு கட்டைப் படுக்கவைத்து மற்றதைச் சாய்த்து நிறுத்துவதா, மீதி இடத்தில் ரெசினும் துணியும் ஏற்றுவதா என்று அனுப்புபவரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

ஃபோம், வெற்றிடம்

ஃபோம் நடுப்பொருளைப் படகில் முதலில் துணிந்து பயன்படுத்தியவர்களில் டெரெக் கெல்சால் முக்கியமானவர். அவருடைய மூவுடல் படகு டோரியா 1966 பிரிட்டன் சுற்றுப் பந்தயத்தில் வென்றது. பிற்காலத்தில் அவர் வளர்த்த முறை வீட்டுக்கு ஏற்றது. படகின் ஒரு பக்கம் முழுவதையும் வழவழப்பான நீள மேசையில் தட்டையாகப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் பை மூடிப் பம்பால் காற்றை உறிஞ்சி, ஒரே தடவையில் ரெசின் செலுத்தி, பிறகு குறித்த இடங்களில் கீறி மடித்து வளைவு கொண்டுவருவது. மேசையைத் தொட்ட முகம் கண்ணாடி போல் வருவதால் பட்டி பார்ப்பது மிகக் குறைவு. பட்டி பார்ப்பதுதான் வீட்டுக் கட்டுநர்களைச் சலிக்கவைத்துப் பாதியில் நிறுத்தும் வேலை என்பதால் இந்த லாபம் பெரியது.

விலை வேறு வடிவத்தில் வரும். 12க்கு 1.6 மீட்டர் பலகை என்றால் 19 சதுர மீட்டர். இருபுறமும் 750 கிராம் துணி போட்டால் துணியே 29 கிலோ, ரெசின் 35 கிலோ அளவுக்குப் போகும். நடுவில் பை கிழிந்தால் அத்தனையும் குப்பை. ஆகவே ரெசின் குழாயைத் திறப்பதற்கு முன் பம்பை நிறுத்தி, அளவுமானி முள் கால்மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் அன்று ரெசின் கலக்கக் கூடாது. கசிவு பெரும்பாலும் பிசின் நாடா மடிப்பிலும் குழாய் நுழையும் இடத்திலும்தான் இருக்கும்.

பிவிசி ஃபோம் அழுகாது, ஆனால் சூட்டில் மென்மையாகும். மேல்தளத்துக்கு அடர்நிறம் பூசக்கூடாது. வெள்ளை அல்லது வெளிர்நிறம் மட்டும். அறைவெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அச்சில் வார்த்த பாகங்களாகவே வரும் கிட்டுகளும் உண்டு, ஃபியூஷன் 40 அப்படிப்பட்டது. வேகம் வேண்டும், பணம் இருக்கிறது என்றால் அது சரி. வடிவத்தை மாற்ற வழியில்லை.

மூன்றுக்கும் பொதுவான சங்கடங்கள்

எபாக்ஸியின் வேகம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கோடையில் ஒரு பெரிய வாளி கலந்தால் தூரிகை எடுப்பதற்குள் புகையும். பிரிட்டன் குளிர்காலத்தில் மறுநாள் காலையிலும் ஒட்டும். கடினமாக்கியை மாற்றிப் பருவத்தைச் சமாளிக்க வேண்டும், கலவை விகிதத்தை மாற்றி அல்ல. ஐந்து பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு கடினமாக்கி, அதாவது 5:1 என்றால் 5:1தான். கடினமாக்கியைக் கூட ஊற்றினால் வேகமாகக் காயாது, பலமிழந்து கிடக்கும். ஈரக்காற்றில் மேலே படியும் மெழுகுப் படலத்தை நீரும் கரகரப்பான நாரும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். முதலில் தேய்த்தால் படலம் கீறல்களுக்குள் இறங்கி அடுத்த பூச்சைப் பிடிக்க விடாது. கையுறை இல்லாமல் எபாக்ஸி தொட்டுப் பழகியவருக்கு ஒருநாள் ஒவ்வாமை வந்தால் அது திரும்பப் போகாது, படகும் பாதியில் நிற்கும்.

இரண்டு உடல்களும் இணையாக நிற்பதை லேசரோடு நிறுத்தாமல் கொத்தனாரின் டியூப் லெவலாலும் சரிபாருங்கள். முன் மூலையிலிருந்து எதிர்ப் பின் மூலைக்கு இரண்டு குறுக்களவும் 5 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்தபின்தான் குறுக்கு உத்தரம் ஒட்டலாம். படகின் அகலம் 7 மீட்டர். கொட்டகை வாசலும் தெருவும் அதற்கு இடம் தருமா என்பதை முதல் பலகைக்கு முன் அளந்துவிடுங்கள். தராவிட்டால் உடல்களைத் தனியாகக் கட்டி நீர்க்கரையில் இணைக்கும் வடிவம் மட்டுமே உங்களுக்கானது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சொந்த உபயோகத்துக்குக் கட்டிய படகுக்குச் சான்றிதழ் விலக்கு உண்டு, ஆனால் பயன்பாட்டுக்கு வந்து 5 ஆண்டுக்குள் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது. காப்பீட்டுக்கு உதவ, மூடப்போகும் ஒவ்வொரு இணைப்பையும் மூடுவதற்கு முன் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள்.

எங்கள் தேர்வு கேட்டால்: தச்சுக் கை உள்ளவர், சின்னக் கொட்டகை, குறைந்த பணம் என்றால் பிளைவுட். நடுத்தளக் கூடம் வேண்டும், வார இறுதி உழைப்பு மட்டும்தான் என்றால் பால்சா பலகை கிட். ஃபோம், 14 மீட்டர் மேசை போட இடமும் உதவிக்கு இரண்டு பேரும் உள்ளவருக்கு. எதை எடுத்தாலும் முழு கிட்டுக்குப் பணம் கட்டுமுன் வரைபடத்தை வாங்கி, அதே பொருளில் அதே முறையில் இரண்டு சுக்கான் பலகைகளை மட்டும் செய்து தராசில் வையுங்கள். வடிவமைப்பாளர் சொன்ன எடையைவிட 15 சதவீதம் கூடினால், 2,500 கிலோ ஓட்டில் அது 375 கிலோ ஆகும். குடிநீர்த் தொட்டி நிறைய நீருக்கு இணையான எடை. அப்படியானால் துணியில் மிஞ்சிய ரெசினை வழித்தெடுக்கப் பழகி, மூன்றாவது சுக்கான் ஒன்றைச் செய்யுங்கள். எடை இறங்கியபின் கிட்டுக்கு முன்பணம் அனுப்பலாம்.