பத்து நாள் மௌனமா, எட்டு வார வகுப்பா, கைப்பேசிச் செயலியா?

மன அழுத்தம் குறைய மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் தியானம், கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினால் மூன்று வழிகள் கண்ணில் படும். எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் முறையிலான பத்து நாள் விபாசனா மௌன முகாம், அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எம்பிஎஸ்ஆர் (மைண்ட்ஃபுல்னஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைப்பது) என்கிற எட்டு வார வகுப்பு, அப்புறம் ஹெட்ஸ்பேஸ், காம் மாதிரியான செயலிகள். மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. செப்டம்பர் 30க்குள் வரித் தணிக்கை அறிக்கைகள் போயாக வேண்டும் என்பதால், ஆகஸ்ட் பாதியிலிருந்தே தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவேன், காலையில் தாடை இறுகிப்போய் இட்லி மெல்லக்கூட வலிக்கும். பல் டாக்டர் குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, தேய்ந்துபோன கடைவாய்ப் பல்லைக் காட்டி, "பல்லுக்கு நான் உறை போட்டுத் தரேன், டென்ஷனுக்கு நீங்கதான் வழி பார்க்கணும் சார்" என்றார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிற ஒருவர் டென்ஷன் குறைவதற்காக மட்டுமே தியானம் தேடுகிறார் என்றால், எட்டு வார வகுப்புதான் சரி. எந்த வீட்டில், எந்த நாற்காலியில் டென்ஷன் வருகிறதோ அங்கேயே உட்கார்ந்து பழக வைப்பது அது ஒன்றுதான்.

முதலில் நான் போனது பத்து நாள் முகாம். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் முன்பு படித்துப்போனவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கிறது, விருப்பப்பட்டால் முடித்தபின் நாமும் கொடுக்கலாம். போனைக் கொடுத்துவிட வேண்டும், புத்தகம் கூடாது, பேனா கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூடாது, கண் ஜாடைகூடக் கூடாது. காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், இரவு 9.30க்கு விளக்கு அணையும், இடையில் ஏறக்குறைய 10 மணி நேரம் தியானம். புதியவர்களுக்குச் சாயங்காலம் 5 மணிக்குத் தேநீரும் பழமும், அதோடு சரி. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன இடத்தைக் கவனிப்பது. நான்காம் நாளில்தான் விபாசனா: உச்சந்தலையில் தொடங்கி உடல் முழுக்கத் தெரியும் உடலுணர்வுகளைப் பார்த்துக்கொண்டே இறங்குவது. அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கை காலை அசைக்காமல் உட்கார வேண்டும். ஐந்தாம் நாள் என் வலது புருவத்தில் ஓர் அரிப்பு வந்தது. சொறியவில்லை. ஊசி குத்துவது மாதிரி ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் அது இல்லை. எப்போது போனது என்றே தெரியவில்லை. ஒரு தொந்தரவு வந்தால் உடனே எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று இல்லை என்பது அன்றுதான் உடம்புக்குப் புரிந்தது. இந்த ஆழத்தை மற்ற இரண்டு வழிகளும் எனக்குக் கொடுக்கவில்லை.

பதினோராம் நாள் காலை போன் கைக்கு வந்தது. அங்கேதான் சிக்கல். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் வீட்டில் தொடர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள், சொல்வதில் தவறே இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் என்பது பள்ளிக்குப் போகும் பெண் குழந்தை இருக்கிற வீட்டில் எங்கிருந்து வரும்? நான் மூன்று வாரம் தாங்கினேன். முகாமில் அத்தனை அமைதியாக இருந்த மனது குக்கர் விசில் சத்தத்தில் உட்காரவே பழகவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தவர்களே இதை டென்ஷனுக்கு மருந்து என்று சொல்லவில்லை. பர்மாவில் பிறந்த வணிகர் எஸ்.என். கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு ஊ பா கின் என்ற பர்மியத் தியான ஆசிரியரிடம் போனபோது, தலைவலி தீர்வதற்காக மட்டும் என்றால் வர வேண்டாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். கோயங்கா மனதை மாற்றிக்கொண்டு 1955இல் முதல் முகாமில் உட்கார்ந்தார், 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார், 1976இலிருந்து மகாராஷ்டிரத்தில் இகத்புரி மையம் நடக்கிறது. நோக்கம் விடுதலை, தலைவலி போனால் அது உபரி. என்னை அதிகம் ஈர்த்தவர் ஊ பா கின்தான். சுதந்திர பர்மாவின் முதல் கணக்காயர் தலைவர் அவர். எங்கள் தொழில்! தன் அலுவலகத்திலேயே கீழே வேலை பார்த்தவர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். ஃபைல்களுக்கு நடுவில் பழகுவது இந்த மரபுக்குப் புதிதில்லை.

எம்பிஎஸ்ஆர் அதற்குப் பங்காளி வீடு. பேச்சுவார்த்தை அதிகம் இல்லை, ஆனால் ரத்தம் ஒன்று. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், டாக்டர்களால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாத நாள்பட்ட வலிக்காரர்களுக்காகக் கபாட்-ஜின் இதை ஆரம்பித்தார். இதிலுள்ள பாடி ஸ்கேன், அதாவது உடலைப் பகுதி பகுதியாகக் கவனிப்பது, ஊ பா கின் மரபின் உடல் கவனிப்பிலிருந்து எடுத்து மாற்றியது. அங்கே உச்சந்தலையில் தொடக்கம், இங்கே படுத்துக்கொண்டு இடது கால்விரலில் தொடக்கம். அப்புறம் மெதுவான யோகா, நடைத் தியானம், உட்காரும் தியானம். வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு முழு நாள், வீட்டில் தினமும் 45 நிமிடம்.

முதல் வகுப்பில் ஆளுக்கு ஓர் உலர்திராட்சை கொடுப்பார்கள். நான் ஆன்லைனில் சேர்ந்ததால் சமையலறை டப்பாவிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். பாயசத்தில் நெய்யில் பொரிந்து உப்பி வரும்போது பத்து பத்தாக விழுங்கியிருக்கிறேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சுருக்கத்துக்குள் வெளிச்சம் எப்படி விழுகிறது, விரலுக்கிடையில் உருட்டினால் காதருகே ஏதாவது கேட்கிறதா, நாக்கில் வைத்ததும் கடிக்கும் முன்னரே எச்சில் எங்கே ஊறுகிறது என்று ஐந்து நிமிடம் போனது. கடிப்பதற்கு முன் என் தாடை இறுகி நிற்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தூக்கத்தில் மட்டும்தான் கடிக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டாம் வாரம் பாடி ஸ்கேனுக்காகப் பாயில் படுத்திருக்கும்போது மகள் வந்து, "அப்பா, தூங்கிட்டியா?" என்று காதில் கேட்டாள். முகாமாக இருந்தால் அது இடைஞ்சல். இங்கே அடுத்த வகுப்பில் அதைச் சொன்னபோது, அந்தக் கேள்வி வந்த நொடியில் உடம்பில் என்ன நடந்தது என்று ஆசிரியை கேட்டார். நெற்றி சுருங்கியது, தோள் ஏறியது. சரி, அதுதான் பாடம் என்றார். எட்டு வாரமும் இப்படித்தான், வீட்டில் நடப்பதை வகுப்புக்குக் கொண்டுபோவது, வகுப்பில் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவருவது. குறை இரண்டு: பணம் கட்ட வேண்டும், பல ஆயிரம் ரூபாய் ஆகும், தமிழில் நடத்துகிறவர்கள் அரிது. ஆங்கிலம் பழக்கம் என்றால் பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ் என்கிற இணையதளத்தில் இதே எட்டு வாரப் பாடம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் கேள்வி கேட்க ஆசிரியர் எதிரே இல்லை என்பது பெரிய இழப்பு.

ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் அதிகம், ஆனால் அளவோடு பேச வேண்டும். 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்கிற மருத்துவ இதழில் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மைண்ட்ஃபுல்னஸ் முறைகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைக்கின்றன, ஆனால் உடற்பயிற்சி மாதிரியான மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்லச் சான்று இல்லை என்றது முடிவு. தினமும் நடந்தே டென்ஷன் குறைகிறவர் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டியதில்லை. 2022இல் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு எம்பிஎஸ்ஆர், மறுபாதிக்குப் பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், மாத்திரைக்கு இந்த வகுப்பு பின்தங்கவில்லை. அதற்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

செயலிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஹெட்ஸ்பேஸை ஆரம்பித்தவர்களில் ஒருவர் முன்னாள் புத்தத் துறவி, பாடங்கள் தெளிவாகவே இருக்கின்றன, பேருந்தில்கூடப் பத்து நிமிடம் கேட்கலாம். இன்சைட் டைமர் என்கிற இன்னொரு செயலியில் இலவசமாகவே ஏராளம். ஆனால் மனநலச் செயலிகளைப் பற்றிய 2019 ஆய்வில், நிறுவிய 30 நாள் கழித்து அவற்றைத் திறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான் என்று வந்தது. எனக்கும் அதே கதை, பதினெட்டாம் நாள் நின்றது. டென்ஷனைக் கொண்டுவரும் அதே கருவியில் அமைதியைத் தேடுவது எனக்கு ஒத்துவரவில்லை. கண்ணை மூடியிருக்கும்போது மேலே வாட்ஸ்அப் செய்தி வந்து விழும்.

ஓர் எச்சரிக்கை. தியானம் எல்லோருக்கும் எல்லா நேரமும் இதம் தருவதில்லை. 83 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு அலசல் ஒன்று, ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேருக்குப் பதற்றம் கூடுவது, மனச்சோர்வு போன்ற பாதகங்கள் வந்ததாகச் சொல்கிறது. கடுமையான மனநோய் வரலாறு உள்ளவர்களும், பெரிய துயரத்தின் நடுவில் இருப்பவர்களும் பத்து நாள் மௌனத்தில் நேராகக் குதிக்கக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் மனநலம் பற்றிய கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பணமும் இல்லை, வகுப்பும் இல்லை, ஆனால் பத்து நாள் லீவு கிடைக்கும், உடம்பும் மனதும் நன்றாக இருக்கிறது என்றால் தம்ம சேதுவுக்குப் போங்கள், வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய அனுபவம். மூச்சைக் கவனிப்பது என்றால் என்ன என்றே தெரியாதவர் ஒரு வாரம் செயலியில் கேட்டுவிட்டு மேலே போகலாம். மற்றபடி எட்டு வாரம். சேரும் மாதத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நான் முதலில் ஆகஸ்டில் சேர்ந்து, நான்காம் வகுப்போடு வேலை நெருக்கியதில் விட்டேன். அடுத்த வருடம் ஜூன் முதல் வாரம் சேர்ந்தேன், ஜூலை கடைசியில் முடிந்தது, ஆகஸ்டில் ஃபைல்கள் குவியும்போது 45 நிமிடம் ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது.